எட்டுக்கு மேலே ஒன்று

விளக்கறை அம்மா வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணன் கேட்டுவிடுவார்.

“பாப்பா, இன்னைக்கு எத்தனை விளக்கு போச்சு?”

ஐம்பது தாண்டிய பொம்பளையைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் அவர் ஒருவர்தான் மிச்சம். “உள்ள வர விடுண்ணே, தொண்டை காய்ஞ்சு கிடக்கு” என்பாள். ஆனாலும் தண்ணீர்ச் சொம்பைக் கையில் எடுக்கும்போதே எண்ணிக்கையைச் சொல்லிவிடுவாள். இருநூற்று அறுபது. போன வருஷம் இதே சமயத்தில் இருநூறுகூடத் தேறவில்லை.

சுரங்க வாயிலை ஒட்டி நீளமாக ஒரு அறை. சுவர் முழுக்கக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு எண், ஒரு தொப்பி விளக்கு. கீழே இறங்குகிறவன் தன் எண் போட்ட பித்தளை வில்லையைக் கொடுத்து விளக்கை வாங்கிக்கொண்டு போக வேண்டும். மேலே வந்ததும் விளக்கைக் கொடுத்துவிட்டு வில்லையை வாங்கிக்கொள்ள வேண்டும். கொக்கியில் விளக்கு இல்லாமல் வில்லை தொங்கினால் அந்த ஆள் இன்னும் பூமிக்குள் இருக்கிறான் என்று அர்த்தம். அந்த ஜன்னலுக்குப் பின்னால்தான் அவள் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். புருஷன் உயிரோடு இருந்த காலத்தில் அவன் வில்லையையும் அவள்தான் வாங்கி மாட்டினாள். அவன் நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்த பிறகு மகன் வில்லையை மாட்டுகிறாள்.

அண்ணன் எண்ணிக்கை கேட்பது சும்மா இல்லை. சுரங்கக் கம்பெனி இந்த வருஷ லாபத்தில் பங்குக்கு எவ்வளவு டிவிடெண்டு கொடுக்கும் என்று கணிக்கத்தான். நகரத்தில் ஒரு பங்குத் தரகர் ஆபீசில் காலமெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தவர். காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாகப் போனபோது காதை மட்டும் திறந்தே வைத்திருந்தார். பெண்டாட்டி போன பிறகு தங்கச்சி வீட்டோடு வந்துவிட்டார். வந்தவர் அந்தக் காதையும் கூடவே கொண்டுவந்தார்.

தெருவில் அவருக்கு ஏழரை என்று பேர். முன்பு ஒரு வருஷம், கம்பெனி பங்குக்கு ஏழரை ரூபாய் கொடுக்கும் என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சத்தியம் செய்தார். அவர் பேச்சை நம்பிப் பத்துப் பேர் பங்கை விற்காமல் வைத்திருந்தார்கள். அந்த வருஷம் பார்த்துக் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்து, இறைத்து இறைத்தே லாபமெல்லாம் கரைந்து, கம்பெனி கையை விரித்துவிட்டது. “ஏழரைன்னு சொன்னாரு, ஏழரையே பிடிச்சிருச்சு” என்று ஒரு லாரி டிரைவர் ஆரம்பித்து வைத்தான். பேர் ஒட்டிக்கொண்டது. அடுத்தடுத்த வருஷங்களிலும் அவர் சொன்னது எதுவும் பலிக்கவில்லை. ஐந்து என்றால் மூன்று வரும், மூன்று என்றால் ஐந்து வரும். மனிதர் அசர வேண்டுமே!

அவர் கணக்குப் போடும் அழகைப் பார்த்தால் சிரிப்பு வரும். விளக்கு கூடினால் ஆள் கூட, ஆள் கூடினால் மண் கூட, மண் கூடினால் உலோகம் கூட. அதற்கு இவ்வளவு. உலோகத்தின் சந்தை விலைக்கு இவ்வளவு. மேனேஜர் பங்களாவுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தால் கையில் காசு புரள்கிறது, அதற்கு ஒரு கால். கேன்டீனில் முட்டையை நிறுத்தினால் செலவு மிச்சம், அதற்கும் ஒரு கால். ஒரு தடவை தலைமைப் பொறியாளர் பழைய ஜீப்பிலேயே வந்து இறங்கினார் என்று முகம் சுண்டிப்போய் அரையைக் கழித்துவிட்டார். மறுநாள்தான் தெரிந்தது, புது வண்டி சர்வீசுக்குப் போயிருக்கிறது. அரை திரும்ப ஏறியது.

“இந்த வருஷம் எட்டு பாப்பா. எழுதி வச்சுக்கோ.”

“நீ சொன்னா எதுக்குண்ணே எழுதணும்? அதுல பாதியைப் போட்டுக்க வேண்டியதுதான்.”

சிரித்தாலும் அந்த வருஷம் அவள் மனசு அந்த எட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. காரணம் மகன்.

ஊரே அவனை நெட்டை என்று கூப்பிடும். ஆறடிக்கு மேல் வளர்ந்துவிட்டு, ஐந்தடி உயரச் சுரங்கப் பாதையில் முட்டு மரம் போடுகிற வேலை. வெடி வைத்து மண் எடுத்த இடத்தில் கூரை இறங்காமல் இருக்க மரத்தை அறுத்து, நிமிர்த்தி, ஆப்பு வைத்து அடிக்க வேண்டும். நாள் முழுக்கக் குனிந்தே கிடந்து வீட்டுக்கு வந்தால் நிமிர அரை மணி நேரம் ஆகும். மருமகள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து முதுகில் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பாள். பம்பு மோட்டார் பழுது பார்க்கும் வேலை அவனுக்குக் கைவந்த வேலை. மெயின் ரோட்டில் ஒரு கடை காலியாக இருந்தது. அதன் ஷட்டர் நல்ல உயரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். ஷட்டருக்குக் கீழே நின்று கையைத் தூக்கிப் பார்த்தான். தலைக்கு மேல் இரண்டு சாண் மிச்சம்.

“பார்த்தியாம்மா? குனியாம உள்ள போகலாம், குனியாம வெளிய வரலாம்.”

“கடை வைக்கிறவன் யாவாரம் எப்படின்னு பார்ப்பான், இவரு நிலை எவ்வளவு உயரம்னு பார்க்கிறாரு” என்று மருமகள் கேலி செய்தாள். அவள் முகமெல்லாம் சந்தோஷம். விளக்கறை அம்மா அன்று கடையின் நான்கு மூலையையும் கண்ணாலேயே கூட்டிப் பெருக்கிவிட்டு வந்தாள்.

கடைக்கு முன்பணம் அந்தப் பங்கில்தான் வர வேண்டும். சம்பள பாக்கிக்குப் பதிலாக, சில வருஷம் முன்னால் கம்பெனி தொழிலாளிகளுக்குப் பங்கு கொடுத்திருந்தது. கூடவே ஒரு கொக்கி போட்டிருந்தார்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் பங்கைப் பழைய விலைக்கே கம்பெனி எடுத்துக்கொள்ளும். அந்தக் காலம் முடிவதும், டிவிடெண்டு யார் யாருக்கு என்று கம்பெனி புத்தகம் மூடுவதும் அடுத்த மாதக் கடைசியில் ஒரே நாள். அதுவரை நெட்டை கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

ஒரு சாயங்காலம் நான்கு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறும் பருப்பும் அவித்த கிழங்கும். மழைக்கு முந்திய புழுக்கம், மின்விசிறி சுற்றியும் ஒரு பிரயோஜனமும் இல்லை. நெட்டை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“அம்மா, நான் இப்பவே நின்னுக்கலாம்னு பார்க்கிறேன்.”

“என்னடா திடீர்னு?”

“மரம் வர்றதில்லம்மா. அஞ்சு முட்டு போடுற இடத்துல மூணு போடச் சொல்றாங்க. போன வாரத்துலேர்ந்து அதுவும் பழைய மரம். அங்க புடுங்கி இங்க வைக்கிறோம். நேத்து ஒண்ணுக்கு ஆப்பு அடிக்கிறப்பவே நடுவுல பொளந்துக்கிச்சு. மேல தட்டிப் பார்த்தா சத்தமே சரியில்ல.”

அவள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். வாய் திறப்பதற்குள் அண்ணன் கேட்டார்.

“மரமே வர்றதில்லையா? சுத்தமாவா?”

“லாரி வந்து ஒரு மாசம் இருக்கும் மாமா.”

அண்ணன் எச்சில் கையோடு கண்ணை மூடினார். உதடு முணுமுணுத்தது. கண்ணைத் திறந்தபோது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“அடேயப்பா! மரச் செலவுதானே அவங்களுக்குப் பெரிய செலவு! அது இல்லன்னா அப்படியே லாபத்துல போய் உட்காருமே! எட்டு இல்ல பாப்பா. எட்டுக்கு மேல ஒண்ணு போடு. ஒன்பது!”

மருமகள் தட்டைத் தள்ளி வைத்தாள். “பெரியப்பா, அவரு என்ன சொல்றாரு, நீங்க என்ன சொல்றீங்க?”

“நான் கெட்டதாவாம்மா சொல்றேன்? எட்டு வந்தா கடை அட்வான்சு. ஒன்பது வந்தா மோட்டார் காயில் சுத்துற மெஷினும் வாங்கிப் போட்டுடலாம். இந்தச் சேதி வெளிய கசிஞ்சா பங்கு விலை ஏறும். ஏறுறப்ப சும்மா பார்த்துட்டு இருந்துட்டு, டிவிடெண்டுக்குப் பேரு பதிஞ்சதும் வித்துடணும்.”

“அதெப்படிண்ணே? அவ்வளவு நல்லா ஏறுனா மொதல்லயே விக்கிறதுதானே?” என்றாள் விளக்கறை அம்மா. மகன் முகத்தைப் பார்க்காமல் இருக்க அவளுக்கு ஒரு கேள்வி வேண்டியிருந்தது.

“மொதல்ல வித்தா வாங்குறவனுக்கு டிவிடெண்டு போயிடும். அதான் மொதல்ல வேணாங்கிறேன். ஆனா புத்தகம் மூடுனதும் மறுநாள் விலை இறங்கும், பயந்துடக்கூடாது. ஒன்பது குடுத்தா ஒன்பது இறங்கும். பானையில இருந்து சோறு எடுத்துத் தட்டுல போட்டா பானையில குறையும்ல? அவ்வளவுதான். எங்கயும் போயிடல. பானையில இருந்தது தட்டுக்கு வந்திருக்கு.”

“அப்ப நமக்கு என்ன லாபம்?”

“ஏறுனது பூராவும் இறங்காது பாப்பா. கம்பெனிகிட்ட காசு இருக்குன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சதுல ஏறுனது நிக்கும். அதான் லாபம்.”

“அத்தை” என்றாள் மருமகள். “மெஷின் வேணாம். கடையும் வேணாம். என் தையலை வச்சு ஒரு வருஷம் ஓட்டிக்கலாம். இவரை வரச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேட்பாரு.”

நெட்டை பிசைவதை நிறுத்தினான். அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயசிலிருந்தே அவன் அப்படித்தான், அம்மா தலையாட்டினால்தான் எதையும் எடுப்பான். அவளுக்கு ஷட்டர் ஞாபகம் வந்தது. இத்தனை வருஷம் புருஷனையும் மகனையும் பூமிக்குள் அனுப்பிவிட்டு வில்லையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்குக் கைமேல் பலன் வரப்போகிற நேரம். இப்போது விட்டால் பழைய விலைக்குப் போய்விடும்.

“இவ்வளவு நாள் இருந்துட்டோம். அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருடா ராசா. மேல பார்த்து வேலை செய். அதுக்கப்புறம் ஒரு நாள்கூட நான் உன்னை இறங்க விடமாட்டேன்.”

“சரிம்மா” என்றான். கிழங்கை எடுத்துக் கடித்தான்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. தெருவெல்லாம் சுரங்கத்துச் செம்மண் கரைந்து ஓடியது. விளக்கறையின் தகரக் கூரை பேச்சுக்குரல் கேட்காத அளவுக்கு அடித்தது. கீழே ஊற்றெடுத்து, இறங்கியவர்கள் எல்லோரும் முழங்கால் வரை நனைந்து ஏறினார்கள். அவள் ஒவ்வொரு நாளும் மகன் கையிலிருந்து விளக்கை வாங்கி, வில்லையைக் கொடுத்து, கொக்கியில் விளக்கை மாட்டியதும் மனசுக்குள் ஒரு நாளைக் கழித்தாள். பங்கு விலை அண்ணன் சொன்னபடியே ஏற ஆரம்பித்தது. மனிதர் செல்போனும் கையுமாகத் தெருவில் தலைநிமிர்ந்து நடந்தார். டீக்கடையில் “என்ன ஏழரை, ஒன்பதாமே?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் தன் காசில் டீ வாங்கிக் கொடுத்தார்.

அன்றைக்குக் காலை ஷிப்டு. மழை விட்டிருந்தது. வரிசையில் நெட்டையின் முறை வந்தபோது ஜன்னல் வழியாகக் குனிந்து உள்ளே பார்த்தான்.

“மாமாகிட்ட சொல்லு, இன்னைக்கும் ஒரு விளக்கு போயிருக்குன்னு.”

“வாயப் பாரு. டிபன் டப்பா எடுத்தியா?”

“எடுத்தாச்சு. முட்டை வச்சிருக்கா. கேன்டீன்ல நிறுத்துன முட்டை நம்ம வீட்ல கிடைக்குது.”

சிரித்துக்கொண்டே போனான். அவள் வில்லையை மாட்டினாள். பின்னால் நின்றவன் அவசரப்படுத்தினான், அவ்வளவுதான் அந்தப் பேச்சு.

இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது, சங்கு ஊதியது. ஷிப்டு சங்கு இல்லை. விட்டு விட்டு ஊதுகிற சங்கு. அவள் எழுந்து நின்றாள். ஆனால் விளக்கறையை விட்டு அவள் நகரக் கூடாது. ஆபத்து நேரத்தில் யார் மேலே வந்தார்கள், யார் வரவில்லை என்று சொல்ல ஊரில் வேறு ஆள் கிடையாது. ஆளேற்றும் கூண்டில் பத்துப் பத்துப் பேராக மேலே கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவனாக ஜன்னலுக்கு வந்து விளக்கைக் கொடுத்தான். ஒவ்வொருவனுக்கும் அவள் வில்லையைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். யாரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. பார்க்காததிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் கை வேலையைச் செய்துகொண்டே இருந்தது. வெளியே பெஞ்சில் அண்ணனும் மருமகளும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அழுகிற பெண்களின் சத்தத்துக்கு நடுவில் மருமகள் சத்தம் மட்டும் இல்லை.

கடைசியில் சுவரில் ஒரே ஒரு வில்லை நின்றது.

“எல்லாரையும் பின்னாடி தள்ளிவிட்டுட்டு அவன் முட்டு மரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னான் ஆத்தா” என்றான் அவனோடு வேலை செய்தவன், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. “மரம் பொளந்துருச்சு. மேல மொத்தமா இறங்கிருச்சு. வெடி வச்ச இடத்துல கூரை ஒசரம். நெட்டையா இருந்தான்ல, அவனுக்குத்தான் எட்டுச்சு.”

பொழுது சாயும் நேரத்துக்குத்தான் தோண்டி எடுத்துக் கொண்டுவந்தார்கள். மேலே போர்த்தியிருந்த கித்தானுக்கு வெளியே இரண்டு பாதங்களும் நீட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கித்தானும் அவனுக்குப் போதவில்லை. யாரோ விளக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் வாங்கிக்கொண்டாள். வில்லையை யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் நின்றாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. “நான்தானே இருன்னு சொன்னேன், நான்தானே இருன்னு சொன்னேன்” என்று தரையில் விழுந்து புரண்டாள். தூக்கி நிறுத்த நான்கு பெண்கள் வேண்டியிருந்தது.

எல்லாம் முடிந்து சில நாட்களில் கம்பெனியிலிருந்து ஒரு அலுவலர் வந்தார். நல்ல மாதிரியான ஆள், நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். நஷ்ட ஈட்டைப் பற்றிச் சொன்னார். பிறகு, பங்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார். வேலையை விட்டால்தான் பங்கு திரும்பிப் போகுமாம். வேலையில் இறந்தால் போகாதாம். பெண்டாட்டி பேருக்கு மாற்றிக்கொள்ளலாமாம்.

“அப்ப செத்ததுக்குப் பதிலா வேலையை விட்டிருந்தார்னா நஷ்டம், இல்லீங்களா?” என்று மருமகள் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. அலுவலர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மாதக் கடைசி நெருங்கியதும் கம்பெனி டிவிடெண்டை அறிவித்தது. பங்குக்கு ஒன்பது.

காலமெல்லாம் பலிக்காதவர் வாக்கு அந்த ஒரு தடவை அப்படியே பலித்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டீக்கடையில் அவர் தலை தெரிந்ததும் பேச்சு நின்றது. யாரோ எழுந்து பெஞ்சில் இடம் விட்டார்கள். “உட்காருங்க” என்றார்கள். ஏழரை என்று யாரும் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து தெருவில் அந்தப் பேர் அழிந்து போயிற்று. அவர் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். செல்போனையும் அலமாரியில் போட்டு மூடினார். சாயங்காலம் தங்கச்சி வேலையிலிருந்து வந்தால் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். எத்தனை விளக்கு என்று கேட்பதில்லை.

நெட்டையின் செல்போனை மருமகள் அணைக்காமல் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். பங்கு இன்னும் அவன் பேரில்தான் இருந்தது. ஒரு மத்தியானம் அது தையல் மெஷின் மேல் இருந்தபடி டிங் என்றது. எடுத்துப் பார்த்தாள். படித்துவிட்டு எழுந்துவந்து அத்தையின் மடியில் வைத்தாள். திரும்பிப் போய் மெஷினில் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தாள்.

விளக்கறை அம்மா பார்த்தாள். பணம் வந்திருந்தது. அவன் பேருக்கு, மரியாதையாக, வாழ்த்துச் சொல்லி. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுச் சுவரோரமாகக் குந்திக்கொண்டார்.

“எட்டுன்னு சொல்லிட்டு விட்டிருக்கலாம் பாப்பா. அந்தப் பய பயந்துபோய்ச் சொன்னதை வாங்கி, மேல ஒண்ணு போட்டேனே. கம்பெனிக்காரனும் அதேதான் போட்டிருக்கான். அந்த ஒண்ணு மரத்துக் காசு பாப்பா. நம்ம வீட்டுக்கே வந்திருச்சு பாரு.”

அவள் அவரைத் திட்டவில்லை. திட்ட ஆரம்பித்தால் தன்னிடம்தான் வந்து நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

“அண்ணே.”

“சொல்லு.”

“புத்தகம் மூடுன மறுநாள் விலை இறங்கும்னியே. இறங்குச்சா?”

“இறங்குச்சாம். ஒன்பதுக்குச் சரியா ஒன்பது. எதிர் வீட்டுக்காரன் சொன்னான்.”

“பானையில இருந்து எடுத்தா குறையத்தானே செய்யும்.”

“ஆமா.”

“எம்புள்ளைய எடுத்தாங்களே, அன்னைக்கு எவ்வளவு குறைஞ்சுது?”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். “அது எதுக்கு இப்ப? விடு பாப்பா.”

“சொல்லுண்ணே. வெளிய பெஞ்சுல போனை வச்சுக்கிட்டுத்தானே உட்கார்ந்திருந்த? நீ பார்க்காம இருந்திருக்க மாட்ட.”

அவர் பார்த்திருந்தார். கை தன்னாலே போயிருந்தது. எத்தனையோ நாள் பழக்கம்.

“சங்கு ஊதுன சேதி போனதும் ரெண்டு குறைஞ்சுது. உற்பத்திக்குப் பாதிப்பு இல்லைன்னு கம்பெனி ஒரு அறிக்கை விட்டுச்சு. மத்தியானமே பழைய விலைக்கு வந்துருச்சு.”

“மத்தியானமேவா?”

“ம்.”

அவள் மடியில் இருந்த செல்போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“அவனை மேல கொண்டு வர்றப்ப பொழுது சாஞ்சிருச்சேண்ணே.”

அண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளே தையல் மெஷின் சத்தம் நின்றிருந்தது.